வீடு திரும்பும் ஆண்கள்

1954ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ‘நியூயார்க்கர்’ என்னும் அமெரிக்க வார இதழில் ஜான் சீவர் எழுதிய சிறுகதையொன்று வெளிவந்தது. ஃபிரான்சிஸ் வீட் என்னும் அலுவலகத்துக்காரர் ஏறி வந்த விமானம் புயலில் சிக்கி, ஃபிலடெல்ஃபியா நகருக்கருகே ஒரு வயலில் இறங்கிவிடுகிறது. உயிர் தப்பிய அம்மனிதர் ரயிலேறித் தம் புறநகர் வீட்டை வந்தடைகிறார். வீட்டிலோ பிள்ளைகளுக்குள் சண்டை. மனைவிக்கு இராவுணவு ஆறிப்போகுமே என்ற கவலை. சாவின் வாயிலிருந்து மீண்டு வந்தவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

அதற்குப் பதினோராண்டுகளுக்கு முன்னர், 1943இல், நம் ‘கலைமகள்’ இதழில் புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ வெளிவந்தது. பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தி. தீபாவளிக்கு மனைவி பார்த்துப் பொறுக்கட்டும் என்று கடையிலிருந்து சில சேலைகளை மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு, நகரத்தின் எல்லைக்கு அப்பாலுள்ள தம் வாடகை வீட்டுக்கு இரவில் வந்து சேருகிறார். உள்ளே செல்லம்மாள் நினைவிழந்து கிடக்கிறாள்.

இவ்விருவரும் வீட்டுக்குத்தான் திரும்பி வருகிறார்கள். இருவரும் சம்பளக்காரர்கள், நகரத்தின் நடுவே வேலையும் நகரத்தின் விளிம்பில் குடியிருப்புமாக வாழ்பவர்கள். இருவரிடமும் குறையுண்டு. ஆயினும் அந்தக் குறைகள் ஒரே இனத்தைச் சேர்ந்தவையல்ல. அவை எங்கே பிரிகின்றன, அந்தக் காலத்துத் தமிழ்ச் சிறுகதை குடும்பத் தலைவன் என்ற மனிதனை எவ்வாறு கண்டது, நம் சமுதாயத்து வீடுகள் அக்கதைகளில் ஏன் நெடுங்காலம் இடம்பெறவில்லை என்பனவற்றையே இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

மதுரைக்கு மேற்கே மலையடிவாரத்து எழுமலையில் இருந்துகொண்டு அமெரிக்கப் புறநகரைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்கத் தக்க கேள்விதான். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகச் சென்னை மாகாணத்தில் 1948இல் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதன் பயனாகச் சிற்றூர்களிலும் கிளை நூலகங்கள் முளைத்தன. எம்மைப் போன்றோருக்குப் புதுமைப்பித்தனும் ஜானகிராமனும் அவ்வழியாகவே கிடைத்தனர். சீவர் அதற்கு நெடுநாள் பின்னர் வந்து சேர்ந்தார். நூலகத்திலிருந்து எடுத்து வரும் கதைகளை இஷாவுக்குப் பிறகு வீட்டார் கேட்க உரக்கப் படிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இருந்தது. உசிலம்பட்டியில் சிறு ஜவுளிக்கடை வைத்திருந்த எம் அத்தா கடைசிப் பேருந்தில் வந்திறங்கி, கை கால் கழுவி உண்டு முடித்துத் திண்ணையில் சாய்ந்தபடியே கேட்பார். அம்மா உள்ளிருந்து கேட்பார். கதையைப் பற்றி இருவரும் ஒன்றும் சொல்வதில்லை.

நிற்க. முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரிலிருந்து மீண்ட வீரர்களுக்குக் கல்விக்கும் வீட்டுக் கடனுக்கும் உதவ அந்நாட்டரசு 1944இல் ஒரு சட்டம் செய்தது. 1947 முதல் நியூயார்க்கின் கிழக்கே லாங் ஐலண்டில் லெவிட் நிறுவனத்தார் ஒரே அச்சில் வார்த்தாற்போல ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டி விற்றனர். அவற்றைக் கறுப்பின மக்களுக்கு விற்பதில்லை என்பது அங்கே எழுத்திலேயே இருந்த நிபந்தனை. நாடெங்கும் இத்தகைய புறநகர்கள் பெருகின. காலையில் ரயில் ஆடவரை நகரத்துக்கு அள்ளிச் சென்றது. மாலையில் கொண்டுவந்து கொட்டியது. சீவரின் கதைகளில் வரும் ‘ஷேடி ஹில்’ லெவிட் வீடுகளைவிட வசதி மிகுந்த கற்பனையூர். நீச்சற்குளமும் விருந்தும் மதுவும் அங்கே அன்றாடம். அந்த வேலிக்குள் யார் வரலாம், யார் வரலாகாது என்பதைப் பற்றி அக்கதைகளின் மாந்தர்கள் மறந்தும் பேசுவதில்லை. பேசாமையும் ஒரு சான்றுதான்.

அவ்வூர் ஆடவர்களின் குறைகள் சிறியனவல்ல. மேலே சொன்ன ஃபிரான்சிஸ் வீட், தம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த இளம்பெண் மீது மையல் கொள்கிறார்; மனைவியைக் கைநீட்டி அடிக்கிறார்; அப்பெண்ணை மணக்கவிருக்கும் இளைஞனுக்குக் கிடைக்க இருந்த வேலையைப் பொறாமையால் கெடுக்கிறார். அதே 1954இல் வந்த இன்னொரு கதையின் தலைப்பு ஒரு ரயிலின் நேரம்: ஐந்து நாற்பத்தெட்டு. அதில் வரும் பிளேக் என்பவர் தம் அலுவலகத்துப் பெண்ணொருத்தியின் தனிமையைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டு, பின்னர் அவளை வேலையிலிருந்தே நீக்கச் செய்தவர். அவள் கைத்துப்பாக்கியுடன் அவரை ரயிலில் பின்தொடர்ந்து, அவர் ஊர் நிலையத்திலேயே மண்ணில் முகம் பதிய மண்டியிட வைக்கிறாள். பிறகு தன் வழியே போய்விடுகிறாள். அவர் எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார். துப்பாக்கியைவிட நம் நினைவில் தைத்து நிற்பது வேறொன்று. இதே மனிதர் ஒருநாள் இராவுணவு ஆயத்தமாகவில்லை என்பதற்காக நாட்காட்டியில் குறி போட்டு வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் மனைவியுடன் பேசாதிருக்கிறார். இருவரின் அறைகளுக்கும் இடையிலிருந்த வாசலைப் புத்தக அலமாரி கட்டி அடைத்துவிடுகிறார். கொடுமை என்பது பெரிய செயல்களில் மட்டும் தங்குவதில்லை என்பதைச் சீவர் அறிந்திருந்தார்.

1964இல் வந்த ‘நீச்சல்காரன்’ கதையே அவருடைய ஆக்கங்களில் தலைசிறந்தது என்பது நம் கருத்து. நெடி மெரில் என்பவர் ஒரு கோடை நாளில் நண்பரின் நீச்சற்குளத்திலிருந்து புறப்பட்டு, அண்டை வீடுகளின் குளங்கள் ஒவ்வொன்றிலும் நீந்திக்கொண்டே தம் வீடு போய்ச் சேர முடிவு செய்கிறார். தொடக்கத்தில் எல்லோரும் வரவேற்கின்றனர். போகப் போக முகங்கள் மாறுகின்றன. காற்றில் குளிர் ஏறுகிறது. அவருடைய செல்வம் போய்விட்டது என்பதை மற்றவர்கள் பேச்சிலிருந்து நாம் அறிகிறோம். அவர் மட்டும் அறியவில்லை. வீட்டை அடைந்தபோது கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மாம்பலத்தில் தியாகராய நகர் எழுந்துவிட்டது. தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் நிலமோ குலத்தொழிலோ கைவிட்ட குடும்பங்களின் இளைஞர்கள் குமாஸ்தாக்களாகவும் கடைச் சிப்பந்திகளாகவும் பத்திரிகைக்காரர்களாகவும் சென்னைக்கு வந்தனர். கூட்டுக் குடும்பத்தில் பெரியவர்களின் நிழலில் இருந்திருக்க வேண்டிய இளங்கணவனும் மனைவியும், யாருமற்ற ஒரு வாடகைப் பகுதியில் முதன்முதலாக நேருக்கு நேர் நின்றனர். 1933இல் தோன்றிய ‘மணிக்கொடி’யும் அதைச் சுற்றி எழுந்த எழுத்தாளர்களும் இந்தப் புதிய வீட்டுக்குள் விளக்கைப் பிடித்தனர். அதுவரை கதைகளில் குடும்பத் தலைவன் ஒன்று உத்தமன், அன்றேல் திருந்த வேண்டிய தீயவன். இவ்விரண்டுமல்லாத மனிதன் அச்சேறியது அப்போதுதான்.

புதுமைப்பித்தனின் ‘ஒரு நாள் கழிந்தது’ கதையில் முருகதாசர் என்னும் எழுத்தாளர் வீட்டு வறுமையைப் பேச்சால் மூடிக்கொண்டே நாளை ஓட்டுகிறார். வந்த நண்பர்களுக்குக் காப்பி கொடுப்பது எப்படி என்பதே அந்த வீட்டின் பெரும் நெருக்கடி. படிக்கும்போது சிரிப்பு வரும். அதைக் கடந்து ‘செல்லம்மாள்’ கதைக்குப் போனால் சிரிப்பு நின்றுவிடும்.

‘செல்லம்மாள்’ எழுதப்பட்ட நாள்கள் போர்க்கால நாள்கள். துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டாணை வந்ததும் அந்த 1943இல்தான். ஆனால் போரைப் பற்றிய கதையன்று இது. நோயாளி மனைவி, ஊரைவிட்டு வந்து நெடுங்காலமாகிவிட்ட இருவர், பிறந்த ஊரையும் தாயையும் காண வேண்டும் என்று அவளுக்குள் கிடந்து வேகும் ஆசை. அது கைகூடாமலே போகிறது. பிரமநாயகம் பிள்ளை கெட்டவரா? அவர் சமைக்கிறார், மருந்து கொடுக்கிறார், கண் விழித்துக் கிடக்கிறார், அவள் இறந்த பின் ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அவ்வளவு பணிவிடை செய்த அம்மனிதரின் நெஞ்சில், அவள் போனதும், இறக்கி வைக்கப்பட்ட ஒரு சுமையின் இலேசும் தோன்றுகிறது. அதை ஆசிரியர் மறைக்கவில்லை. அதற்காக அவரைக் குற்றக்கூண்டில் ஏற்றவுமில்லை.

இங்கேதான் இரு நாட்டுக் கதைகளும் பிரிகின்றன என்று நாம் கருதுகிறோம். ஃபிரான்சிஸ் வீடுக்கு வீடு எதையும் மறுக்கவில்லை. அவர் கேளாமலே எல்லாம் இருக்கிறது. தம்மை ஒருவரும் பார்க்கவில்லையே என்ற ஏக்கத்தால் அவர் தவறு செய்கிறார். அதாவது மிகுதியின் நடுவே பிறந்த குறை அது. பிரமநாயகம் பிள்ளையின் குறையோ ஒத்திப்போட்டதில் இருக்கிறது. அடுத்த மாதம், அடுத்த பண்டிகை, கையில் காசு சேர்ந்த பிறகு என்று தள்ளிக்கொண்டே போனதில் ஓர் ஆயுள் முடிந்துவிட்டது. முதலாமவர் செய்த தவற்றைச் சுட்டிக் காட்ட முடியும். இரண்டாமவர் செய்ததை எந்த நாளில் செய்தார் என்று அவராலேயே சொல்ல முடியாது. வறுமைதான் காரணம் என்று நாம் வாதாடலாம். ஆனால் ஒரு முறையேனும் கடன் வாங்கியாவது அவளை ஊருக்கு அனுப்பியிருக்க இயலாதா என்ற கேள்வி, கதையை மூடி வைத்த பின்னும் நம்மை விடுவதில்லை.

இவ்விரு எழுத்தாளர்களும் தாம் அறியாத மனிதரைப் பற்றி எழுதவில்லை என்பதும் குறிப்பிடத் தக்கது. 1912இல் பிறந்து 1982இல் மறைந்த சீவர் பல்லாண்டுகள் குடிக்கு அடிமையாக இருந்தவர். அவர் மறைவுக்குப் பின் வெளியான நாட்குறிப்புகள் அவர் வீட்டின் வேதனையைக் காட்டுகின்றன. 1906இல் பிறந்த புதுமைப்பித்தனோ சென்னையில் பிழைப்பைத் தேடியபடி, மனைவி கமலாவைப் பிரிந்திருந்த காலமெல்லாம் கடிதங்களால் குடும்பம் நடத்தியவர். காச நோயுற்று 1948இல் திருவனந்தபுரத்தில் கண் மூடியபோது அவருக்கு வயது 42. தம் கண்ணாடியைப் பார்க்கத் துணிந்தவர்களால்தான் இத்தகைய கதைகளை எழுத இயலும் போலும்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். செல்லம்மாளை நாம் பெரும்பாலும் பிள்ளையின் கண் வழியாகவே காண்கிறோம். அவள் நெஞ்சில் கணவனைப் பற்றி என்ன இருந்தது என்பதற்குக் கதையில் இடம் சிறிது. சீவரின் கதைகளிலும் இதே நிலைதான்.

பெண்ணின் பக்கத்திலிருந்து ஆடவனைப் பார்க்கும் பார்வை ஜெயகாந்தனின் ‘யுகசந்தி’யில் கிடைக்கிறது. கடலூரில் இருக்கும் கணேசய்யருக்கு நெய்வேலியில் ஆசிரியையாக வேலை பார்க்கும் மகள் கீதாவிடமிருந்து கடிதம் வருகிறது. இளமையிலேயே கணவனை இழந்த அவள் மறுமணம் செய்துகொள்ள முடிவெடுத்துவிட்டாள். தகப்பன் கொதிக்கிறார், மகள் செத்தாள் என்று தலைமுழுகத் துணிகிறார். அவருடைய கோபத்தின் அடியில் இருப்பது மகள் மீதான வெறுப்பன்று, தெருவின் மீதான அச்சம். அவருடைய தாய் கௌரிப் பாட்டி, அவளும் இளமையிலேயே கைம்பெண்ணானவள், எல்லாவற்றையும் கேட்டிருந்துவிட்டுப் பேத்தியுடனேயே இருக்கிறேன் என்று புறப்பட்டுவிடுகிறாள். அக்காலத்து ஆசாரக் குடும்பத்தில் வாசற்படி தாண்டிய துணிச்சல் ஒரு கிழவிக்கு வாய்த்ததே என்று நாம் வியந்ததுண்டு. நம் மார்க்கத்தில் கைம்பெண் மறுமணத்துக்குத் தடையேதுமில்லை. ஆயினும் ஊர்வாய்க்கு அஞ்சி வீட்டில் சீறும் கணேசய்யர்கள் நம் தெருக்களில் இல்லை என்று யாரேனும் சத்தியம் செய்வார்களா?

தி. ஜானகிராமனின் ‘பாயசம்’ இவற்றிலிருந்து வேறுபட்டது. சாமநாது என்னும் முதியவர் தம் கண்ணெதிரே வளர்ந்து செல்வனாகிவிட்ட அண்ணன் மகன் வீட்டுக் கலியாணத்தில், கூட்டத்துக்கென்று காய்ச்சி வைத்த பாயசத் தவலையை யாரும் பார்க்காத வேளையில் கவிழ்த்துவிடுகிறார். கேட்டபோது, ஏதோ பிராணி விழுந்து கிடந்ததாகவும் பிறர் உண்ணக் கூடாதென்று தாம் கொட்டிவிட்டதாகவும் பொய் சொல்லிப் பரோபகாரி ஆகிறார். கைம்பெண்ணான அவருடைய மகளின் பார்வை மட்டும் அந்தப் பொய்யைத் துளைத்துவிடுகிறது. இறந்துபோன மனைவியின் குரலோ ஆற்றங்கரையிலேயே அவருடன் வாதாடிக்கொண்டிருந்தது. வறுமை இல்லை, மையல் இல்லை, ஊரச்சம் இல்லை, பொறாமை மட்டும். சீவரின் பிளேக்கைவிட இந்தக் கிழவரே நம்மை அஞ்ச வைக்கிறார். ஏனெனில் இத்தகையவரைக் கலியாணப் பந்திகளில் நாம் கண்டிருக்கிறோம். சில வேளை அவர் நம் பாயிலேயே உட்கார்ந்திருக்கவும் கூடும்.

இவ்வரிசையில் அசோகமித்திரனைத் தனியே பேச வேண்டும். செகந்தராபாத்தில் 1931இல் பிறந்து, 1952இல் சென்னைக்கு வந்து, ஜெமினி ஸ்டூடியோவில் பணிபுரிந்து, 2017இல் மறைந்த அவர் நகரத்துக் கீழ்நடுத்தரக் குடும்பங்களின் வரலாற்றாசிரியர் என்று சொன்னால் மிகையாகாது. 1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் நடத்திய உலக எழுத்தாளர் கூட்டத்துக்குச் சென்றிருந்தார்; அந்த அனுபவமே ‘ஒற்றன்’ நூலாயிற்று. அவருடைய ‘புலிக்கலைஞன்’ நம் வாசகர்கள் அவசியம் படிக்க வேண்டிய கதை. ஏனெனில் அதன் நாயகர் ஒரு முஸ்லிம். பெயர் காதர்.

காதர் ஒரு நாள் ஸ்டூடியோ அலுவலகத்துக்கு வேலை கேட்டு வருகிறார். தமக்குத் தெரிந்தது புலி வேடம் என்கிறார். அங்கே இருப்பவர்கள் சலிப்புடன் பார்க்கின்றனர். அவர் பையிலிருந்து புலித்தலையை எடுத்து மாட்டிக்கொண்டதும் அந்தச் சிற்றறையில் மனிதன் மறைந்து புலி பாய்கிறது. மேசைகளும் நாற்காலிகளும் காடாகிவிடுகின்றன. பார்த்தவர்கள் மூச்சடைத்துப் போகிறார்கள். வேடம் கலைந்ததும் மீண்டும் கெஞ்சிக் கேட்கும் ஏழை. பின்னர் அவருக்கு ஒரு வாய்ப்புக்காக முயன்று கடிதம் எழுதினால், கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. கொடுத்த முகவரியில் காதர் இல்லை.

ஃபிரான்சிஸ் வீட் வீடு திரும்புகிறார், பிரமநாயகம் பிள்ளை திரும்புகிறார், நெடி மெரில்கூடப் பூட்டிய வீட்டின் வாசல் வரையில் வந்துவிடுகிறார். காதர் எந்த வீட்டுக்குத் திரும்பினார் என்பது நமக்குத் தெரியவில்லை. அசோகமித்திரனிடம் பரிவுக்குப் பஞ்சமில்லை. அவர் காதரைச் சித்திரித்த விதத்துக்கு ஈடு சொல்ல முடியாது. ஆனால் அக்காலத்துத் தமிழ்க் கதைகளில் பெரும்பாலும் முஸ்லிம் என்பவர் வெளியிலிருந்து வந்து போகிறவர். அத்தர் விற்பவர், கறிக்கடைக்காரர், வண்டிக்காரர், நல்ல மனம் படைத்த ஒரு பாய். அவர் தம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு மனைவியிடம் எப்படிப் பேசினார், மகளை எப்படி நடத்தினார் என்பதை அக்கதைகள் சொல்லவில்லை. பிராமண வீட்டுக் கூடமும் வேளாளர் வீட்டு அடுக்களையும் வாசகன் அறிந்தவையாகிவிட்டன. நம் வீட்டு வாசலில் தொங்கிய திரை அசையவில்லை.

இதற்குப் பிறரை மட்டும் நொந்து பயனில்லை. தமிழ் நாவல் தவழ்ந்துகொண்டிருந்த 1885ஆம் ஆண்டிலேயே கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை ‘அசன்பே சரித்திரம்’ எழுதிவிட்டார். 1938இல் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் எழுதிய ‘காதலா? கடமையா?’ நாவலுக்கு உ. வே. சாமிநாதையர் அணிந்துரை அளித்தார். பெருமை கொள்ளத் தக்க முன்னோடிகள் இவர்கள். ஆயினும் நம் தெருவில் அன்றாடம் காணும் குடும்பத் தலைவர் அந்நூல்களின் நாயகரல்லர். பின்னர் வந்த நம் பத்திரிகைக் கதைகளிலும் தகப்பன்மார் பெரும்பாலும் நல்லவர்கள். கெட்டவர்களாயின் கடைசிப் பத்தியில் தவ்பாச் செய்துவிடுவார்கள். குறையுள்ள மனிதன் குறையுடனேயே கதையை முடித்துக்கொண்டு போக நாம் இடம் தரவில்லை.

திரையை விலக்கியவர் மர்ஹூம் தோப்பில் முஹம்மது மீரான் அவர்கள். 1944இல் குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து 2019இல் மறைந்த அவர், ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை முதலில் ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வெளியிட்டார் என்பது சமுதாயப் பத்திரிகைகளின் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1988இல் அது நூலாயிற்று. வடக்கு வீட்டு அகமதுகண்ணு முதலாளி குடும்பப் பெருமையைத் தராசில் ஒரு தட்டிலும் வீட்டுப் பெண்களின் வாழ்வை மறு தட்டிலும் வைத்தவர். எந்தத் தட்டு தாழ்ந்தது என்பதே அந்நாவல். தொடராக வந்தபோது எம் போன்றோரில் சிலர் முகம் சுளித்தோம் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டுகிறாரே என்று பேசினோம். குப்பை இருந்ததா, இல்லையா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்தது 1997ஆம் ஆண்டின் ‘சாய்வு நாற்காலி’. சிறுகதையன்று, நாவல்தான், எனினும் நாம் பேசிவரும் மனிதர்களின் அணிவகுப்பில் முஸ்தபாக்கண்ணுவை விட்டுவிட முடியாது. மற்றவர்கள் வீடு திரும்புகிறவர்கள் என்றால் இவர் வீட்டைவிட்டே போகாதவர். முன்னோர் விட்டுச் சென்ற பெரிய வீட்டில் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி பழம்பெருமையை மென்றுகொண்டிருக்கிறார். வீட்டின் மரச்சாமான்களும் பாத்திரங்களும் ஒவ்வொன்றாக வெளியேறி விலையாகி அவருடைய சாப்பாடாகத் திரும்பி வருகின்றன. நெடி மெரிலின் செல்வமும் இப்படித்தான் அவர் அறியாமலே கரைந்தது. முஸ்தபாக்கண்ணுவுக்கோ தெரியும், தெரிந்தே உண்கிறார்.

அவர் வீட்டில் ஒரு பிரம்பு இருக்கிறது. பெண்களை அடிப்பதற்கு. அதன் பெயர் அதபுப் பிரம்பு. அதபு என்னும் சொல்லைப் பிள்ளைப் பருவத்திலிருந்து நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பெரியவர் முன் குரலைத் தாழ்த்துவது அதபு. உண்ணும்போது நிதானம் அதபு. விருந்தாளிக்கு முதலில் தருவது அதபு. அந்த அழகிய சொல்லை ஒரு குச்சியின் மீது ஒட்டிவைத்த குடும்பத்தை மீரான் நமக்குக் காட்டினார். இது போன்ற ஒரு பொருளை அமெரிக்கக் கதையாசிரியர் எவரும் புனைந்திருக்க இயலாது. நம் வீட்டைத் தவிர வேறெங்கும் அது கிடைக்காது. ஆடவனின் குறை ஒழுக்கத்தின் பெயரைச் சூடிக்கொண்டு வந்தால் அதை எதிர்க்க வீட்டிலுள்ளோருக்குச் சொல்லே இல்லாமற் போகிறது. பின்னர் 2004இல் சல்மா அவர்கள் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் அந்தச் சொற்களைப் பெண்களின் வாயிலிருந்தே எடுத்துத் தந்தார். கடல் கடந்து தொழில் செய்யும் ஆண்கள் அங்கே வீட்டுக்கு வருவதும் போவதுமே பெண்களின் நாட்காட்டி. அந்நாவலைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இனி எம் வீட்டுக் கதை ஒன்று. எம் அம்மாவின் பிறந்த ஊர் உத்தமபாளையம். எழுமலையிலிருந்து சீமைப் பயணமன்று. காலையில் புறப்பட்டால் பொழுதுக்குள் போய்ச் சேரலாம். ஆயினும் அம்மா அங்கே போனது எண்ணிச் சொல்லக்கூடிய தடவைகளே. பெருநாள் வந்தால் கடையில் வியாபாரம். பெருநாள் கழிந்தால் பாக்கி வசூல். தை வந்தால் கலியாணத் துணி. அடுத்த பெருநாளைக்குக் கட்டாயம் என்பார் அத்தா. அவர் கடுமையானவரல்லர், ஒருநாளும் கை ஓங்கியவரல்லர், வாய்க்கு ருசியானதை அம்மாவுக்கென்று பொட்டலம் கட்டி வருபவர். நன்னி மவுத்தான செய்தி வந்த அன்றுதான் அம்மா உத்தமபாளையம் போனார். போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. திரும்பி வந்த பின் அதைப் பற்றி இருவரும் பேசி நாம் கேட்டதில்லை. சில ஆண்டுகளில் அம்மாவும் போய்விட்டார்.

அத்தா கடையை விட்டு, கண் புரை விழுந்து வீட்டோடு இருந்த காலத்தில், பழைய வழக்கப்படி கதை படிக்கச் சொல்வார். அப்படி ஒருநாள் ‘செல்லம்மாள்’ கையில் வந்தது. அதில் என்ன இருக்கிறது என்பதை எண்ணிப் பாராமலே தொடங்கிவிட்டோம். நடுவில் அத்தா கையை உயர்த்தி, “போதும்பா, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார். மறுநாள் அவரே நினைவுபடுத்தி மீதியைப் படிக்கச் சொன்னார். படித்து முடித்தோம். நெடுநேரம் பேசவில்லை. பிரமநாயகம் பிள்ளை நல்லவரா கெட்டவரா என்று அவர் ஏதேனும் சொல்வார் என எதிர்பார்த்திருந்தோம். அத்தா திண்ணைத் தூணைத் தடவியபடி, “அந்த மனுசரு மீதிச் சேலைகளைக் கடையில திருப்பிக் குடுத்திருப்பாராப்பா?” என்று கேட்டார்.

கதையில் அது இல்லை என்றோம்.

“குடுத்துத்தான் இருப்பாரு. கணக்கு இருக்குமில்ல” என்று சொல்லிவிட்டு, ஒளுச் செய்யத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.